உச்சிக்குத் திசை கிடையாது

விண்வெளியில் இருந்து வரும் வானொலி அலையைக் கேட்க நான் கட்டும் எட்டடி இரும்பு ஆன்டெனாவுக்கு வடக்கைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் 20-ஆம் தேதி, முற்றத்தில் ஒரு மீட்டர் நீளக் கம்பியை நட்டேன். தூக்குக்குண்டு பிடித்து நேராக்கினேன். சூரியன் உச்சியைத் தொடும் நேரத்தில் கம்பியின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் வடக்கு தெற்கு. காம்பஸை நம்பவில்லை, அத்தனை இரும்பு பக்கத்தில் நிற்கும்போது அது இரும்பைத்தான் காட்டும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தில் ஓடுகிறது. ஏற்காடு 78.2-இல் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 20-ஐ ஒட்டி இங்கே உச்சி வேளை 12.16. இதையெல்லாம் முந்தைய நாளே கணக்குப் போட்டு வைத்துவிட்டு, சாக்பீஸும் கையுமாக வெயிலில் குந்தினேன்.

12.05-க்கு நிழல் நாலரை சென்டிமீட்டர். 12.10-க்கு இரண்டரை. 12.16-க்குக் கோடு போடக் குனிந்தால் நிழலைக் காணோம். கம்பி நிற்கிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, நிழல் மட்டும் இல்லை.

திண்ணையில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த அம்மா, “என்ன சாமி தேடுகிறாய்?” என்று கேட்டாள்.

“நிழலை.”

“உச்சி வெயிலில் நிழல் ஏது? காலையில் பார், இல்லாவிட்டால் சாயங்காலம் பார். நீளமாகக் கிடைக்கும்.”

ஏற்காட்டின் அட்சரேகை ஏறத்தாழ 11.8 டிகிரி. சூரியன் வருடத்தில் இருமுறைதான் அதே அளவு வடக்கே வந்து நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது: ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி இன்னொரு முறை. நிழல் இல்லா நாள் என்று பத்திரிகைகளில் போடுவார்கள். நிமிடம் பிசகாமல் நேரத்தைக் கணக்கிட்ட நான், வடக்கைக் கண்டுபிடிக்க எந்த நாள் உதவாதோ அந்த நாளாகப் பார்த்துக் குறித்திருக்கிறேன்.

அம்மா சொன்னதுதான் சரி. கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு என்கிற முளைக்குச்சியை நாட்டி அதைச் சுற்றி வட்டம் போடுவார்கள். காலை நிழலின் நுனியும் மாலை நிழலின் நுனியும் வட்டத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். உச்சி வேளைக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. மறுநாள் அப்படித்தான் செய்தேன்.

தலைக்கு நேர் மேலே இருப்பது எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு அதே சங்கதி வேறு வேடத்தில் வந்து என் மோட்டாரைப் படுத்திய பாடு தனிக்கதை.

நான் சேலத்தில் ஓர் ஆலையின் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்தவன். அழுத்தமானி, வால்வு, ரிலே, லிமிட் சுவிட்ச், இவைதான் எனக்குச் சோறு போட்டவை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலைக்கே வந்துவிட்டேன். இங்கே கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, ஓட்டு வீடு, அம்மா. கேபிள் டிவி நடத்திவந்த ஒருவரின் மொட்டை மாடியில் துருப்பிடித்துக் கிடந்த எட்டடி மெஷ் டிஷ்ஷை எடைக்கு எடை இரும்பு விலையில் வாங்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொண்டுவந்தேன். எந்தச் சேனல் தெரியும் என்று ஊரில் கேட்காத ஆளில்லை.

ஒரு சேனல்தான் தெரியும்: ஹைட்ரஜன். பால்வீதி முழுக்கப் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், மெலிதாக முனகிக்கொண்டே இருக்கின்றன. டச்சு வானியலாளர் வான் டி ஹல்ஸ்ட் 1944-இல் இப்படி ஓர் அலை இருக்க வேண்டும் என்றார். 1951-இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் அதைக் கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஓர் ஆய்வகம் தேவைப்பட்ட வேலைக்கு இன்று 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள காபித்தூள் டின், அதற்குள் ஐந்து சென்டிமீட்டர்ச் செம்புக் கம்பி, ஒரு பெருக்கி, விரல் நீள யுஎஸ்பி ரிசீவர், பழைய லேப்டாப் இருந்தால் போதும். மூடுபனி இறங்கினாலும் கவலையில்லை. 21 சென்டிமீட்டர் அலை மேகத்தை மதிப்பதில்லை. ஏற்காட்டில் விண்மீன் பார்க்கிறேன் என்று தொலைநோக்கி வாங்கியவர்களின் வயிற்றெரிச்சல் எனக்கு இல்லை.

கேட்பது இவ்வளவுதான். திருப்புவதில்தான் என் இரண்டு வருடம் போனது.

திருப்பாமலும் இருக்கலாம். 1937-இல் அமெரிக்காவில் குரோட் ரீபர் தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய ஒன்பது மீட்டர் டிஷ் மேலும் கீழும் மட்டும்தான் அசையும். பக்கவாட்டில் வானத்தைக் கொண்டுவந்து காட்டும் வேலையைப் பூமியே மணிக்கு 15 டிகிரி வீதம் செய்துகொடுத்தது. காசில்லாத கட்டுப்பாட்டு அமைப்பு, பழுதும் ஆகாது. புத்திசாலியாக இருந்தால் நானும் அத்தோடு நின்றிருப்பேன். ஆனால் ஒரே இடத்தை மணிக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

டிஷ்ஷைச் சுழல வைக்க ஒரு தாங்கி வேண்டும். சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பஞ்சமில்லை. காயலான் கடையில் லாரிச் சக்கரத்தின் ஹப் ஒன்று பேரிங்கோடு கிடைத்தது. மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்கில் 1957-இல் நிறுத்திய 76 மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பும் பல்சக்கரங்களே ராயல் சாவரின், ரிவெஞ்ச் என்ற இரண்டு போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைகளில் இருந்து கழற்றியவைதான். அவர்களுக்குக் கப்பல், எனக்கு லாரி.

ஹப்புக்குத் தட்டு கடைந்து கொடுத்தவர் செவ்வாய்ப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன். வார்ம் கியர் பெட்டியைக் கையால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, பிளே இருக்கிறது” என்றார். மோட்டார் திரும்பத் தொடங்கி, பல்லும் பல்லும் தொடும்வரை டிஷ் அசையாமல் நிற்கும் அந்த இடைவெளிதான் பிளே. காற்று அடித்தால் டிஷ் அந்த இடைவெளிக்குள் ஊஞ்சலாடும். மோட்டார் பக்கம் எண்ணிக்கொண்டிருக்கும் கணினிக்கு அது தெரியவே தெரியாது.

புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் இருக்கும் ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது டிஷ்கள். அங்கே இதற்கு வைத்திருக்கும் மருந்து எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அச்சுக்கு ஒரு மோட்டாருக்குப் பதில் இரண்டு. ஒன்று இழுக்கும்போது மற்றொன்று லேசாக எதிர்த்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். சரிவில் தேர் இறங்கும்போது முன்னால் வடம் இழுக்க, பின்னால் ஒரு கூட்டம் கயிற்றைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டே வருமே, அது மாதிரி. பற்கள் எப்போதும் ஒரு பக்கமாக அழுந்தியே இருப்பதால் பிளே இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. என்னிடம் இரண்டாவது மோட்டாருக்குப் பணமில்லை. ஒரு பக்கம் கயிறு கட்டி, கப்பியில் போட்டு, மணல் மூட்டை தொங்கவிட்டேன். முக்கால்வாசிப் பலன் கிடைத்தது.

டிஷ்ஷோடு வந்த பழைய ஆக்சுவேட்டரில், அதாவது டிஷ்ஷை அசைக்கும் மோட்டார் தண்டில், காந்தம் நெருங்கினால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் ஒன்று இருந்தது. மோட்டார் சுற்றச் சுற்ற அது துடிப்புகளைக் கொடுக்கும். எண்ணி வைத்தால் இடம் தெரியும் என்பது ஏற்பாடு. நடைமுறையில், கோயில் வாசலில் நின்று ஆட்களை எண்ணச் சொன்னவன் உள்ளே போகிறவனையும் வெளியே வருகிறவனையும் ஒன்றாகவே எண்ணினால் எப்படியோ அப்படி. துடிப்புக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. மின்சாரம் போய் வந்தால் போகிற போக்கில் இரண்டு துடிப்பு தொலைந்துபோகும். ஒரு வாரத்தில் கணினி காட்டும் இடத்துக்கும் டிஷ் நிற்கும் இடத்துக்கும் நாலு டிகிரி வித்தியாசம். கணினியோ துளிச் சந்தேகமும் இல்லாமல் தசம எண்களில் பேசிக்கொண்டிருக்கும்.

அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, சுழலும் அச்சிலேயே காந்த என்கோடர் வைத்தேன். வட்டத்தை 4096 பங்காக்கி, நிற்கும் பங்கின் எண்ணைச் சொல்லும்; மின்சாரம் போனாலும் மறக்காது. ஒரு பங்கு 0.09 டிகிரிக்கும் குறைவு. என் டிஷ் ஒரே நேரத்தில் பார்க்கும் வானத்தின் அகலம் ஆறு டிகிரி, ஆகவே இது தாராளம். ஜிஎம்ஆர்டியின் டிஷ்கள் இதே ஹைட்ரஜன் அலையில் அரை டிகிரிக்கும் குறைவான வானத்தைத்தான் பார்க்கின்றன. அவற்றின் என்கோடர்கள் 17 பிட். வட்டம் 1,31,072 பங்கு. ஒரு பங்கு, ஒரு டிகிரியில் ஏறத்தாழ 360-இல் ஒன்று. காது கூர்மையாக ஆக ஆக, எங்கே கேட்கிறோம் என்பதில் கண்டிப்பும் கூடுகிறது.

அடுத்தது கணக்கு. வானத்துப் பொருள்களின் முகவரி பூமியின் அச்சை வைத்து எழுதப்பட்டது. என் டிஷ்ஷோ தரையை வைத்துச் சுற்றுகிறது: பக்கவாட்டில் ஒன்று, மேலும் கீழும் ஒன்று. முன்னதைப் பின்னதாக நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று ஐந்து வரி நிரல். கணினி இல்லாத காலத்தில் இதற்கு மனிதர்கள் செய்த தந்திரங்களைப் படித்தால் தூக்கம் வராது. ஜோட்ரல் பேங்கில் அனலாக் கணினி ஒன்றைக் கட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில், 1961-இல் முடிந்த 64 மீட்டர் டிஷ்ஷின் நடுவே, அதைத் தொடாமல் தனித் தூணில் ஒரு சிறு கருவியை நிறுத்தினார்கள். அது பூமியின் அச்சுக்கு இணையாகச் சுற்றி விண்மீனைத் தொடரும். பெரிய டிஷ் ஓர் ஒளிக்கதிரின் உதவியால் அந்தச் சின்னதைத் தொடரும். யானைக்குப் பாகன்.

எல்லாவற்றிலும் என்னை அசர வைத்தது நம் ஊட்டி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970-இல் முத்தோரையில் முடித்த தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 சட்டங்கள்மேல் 1100 எவர்சில்வர் கம்பிகள் நெடுக ஓடுகின்றன. அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி சொச்சம். அதே 11 டிகிரி சொச்சத்தில் வடக்கு தெற்காகச் சரியும் ஒரு மலையைத் தேடிப் பிடித்து, அந்தச் சரிவில் அதைப் படுக்க வைத்தார்கள். விளைவு, தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் ஒரே சீரான வேகத்தில் திருப்பினால் போதும், ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். சைன், காஸ் கணக்கை மலையே போட்டுவிட்டது. வடக்கு தெற்காகப் பார்வையை நகர்த்துவது மட்டும் மின்னணு வேலை. சேர்வராயன் மலையிலும் பன்னிரண்டு டிகிரிச் சரிவு எங்காவது இருக்கும். என் காபித் தோட்டத்தில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஓர் இரவு. பத்து மணிக்குச் சற்று முன். அன்ன மண்டலம் என்கிற சிக்னஸைத் தொடர்ந்துகொண்டிருந்தோம், நானும் அக்கா மகனும். வெளியே எதிரே நிற்பவர் தெரியாத மூடுபனி. அன்ன மண்டலம் நமக்கு உச்சியின் வடக்குப் பக்கமாகக் கடந்துபோகும். அதாவது வடகிழக்கில் இருந்து நேர் வடக்குக்கு வந்து வடமேற்குக்குப் போகும். திரையில் திசை எண் 0.3, 0.2, 0.1 என்று இறங்கியது. வழக்கமாக மோட்டார் ஒரு நொடி உறுமி அடங்கும். இந்த முறை அடங்கவில்லை.

“மாமா, டிஷ் கிழக்கே போகிறது!”

வடக்கைத் தாண்டியதும் அடுத்த எண் 359.9. என் நிரல் 0.1-இல் இருந்து 359.9-க்குப் போக வேண்டும் என்று புரிந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றும் பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அப்போது மோட்டார் நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றும். டார்ச்சோடு நான் ஓடிப் போவதற்குள் கேபிள் கம்பத்தில் பம்பரத்துச் சாட்டை மாதிரி இறுகிவிட்டது. என் கண் முன்னே காபி டின்னின் வாயில் இருந்து கனெக்டர் பிடுங்கிக்கொண்டு வந்தது. பெருக்கி பாதியாகத் தொங்கியது. நிறுத்தும் சுவிட்ச் வீட்டுக்குள். பையன் பிளக்கைப் பிடுங்கினான். எமர்ஜென்சி ஸ்டாப் இல்லாத மோட்டாரை ஆலையில் நான் யாரையும் தொட விட்டதில்லை. சொந்த வீட்டில் வைக்கத் தோன்றவில்லை. சிவப்புக் காளான் மாதிரி ஒன்று இப்போது கம்பத்திலேயே இருக்கிறது.

குறுக்கு வழியில் போ என்று நிரலைத் திருத்துவது ஒரு வரி. அதுவும் போதாது. எப்போதும் குறுக்கு வழியிலேயே போனால் கேபிள் ஒரே பக்கமாக முறுக்கேறி, நாலாம் நாள் அதே கதி. வானத்துக்கு நேற்று எப்படி வந்தோம் என்ற நினைவு கிடையாது, கேபிளுக்கு உண்டு. ஜிஎம்ஆர்டியில் திசை எண் மைனஸ் 270 முதல் பிளஸ் 270 வரை ஓடுகிறது. வானம் 360 டிகிரி, கேபிளுக்கு 540. ஒரே திசைக்கு இரண்டு எண்கள் வரலாம். எதைத் தேர்ந்தால் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்று முன்யோசனை வேண்டும். அதையே நானும் எடுத்துக்கொண்டேன். கூடவே கியரைக் கூட்டி வேகத்தை நிமிடத்துக்கு 12 டிகிரியாகக் குறைத்தேன். அடுத்த முறை ஓடிப்போய் நிறுத்தவாவது நேரம் கிடைக்கட்டும் என்ற எண்ணம்.

அந்த எண்ணம்தான் அடுத்த வம்பு. மறு வருடம் சித்திரையில் பின்தொடரும் வேலையைச் சோதிக்க எம்87 விண்மீன் திரளைக் கொடுத்தேன். 2019-இல் வெளியான கருந்துளைப் படம் அதன் நடுவில் இருப்பதுதான். என் டிஷ்ஷின் காதுக்கு அது எட்டாது, சோதனைக்கு மட்டும். மாலை முழுக்கச் சமர்த்தாகப் போன டிஷ், உச்சியை நெருங்கியதும் தட்டாமாலை சுற்ற ஆரம்பித்து, பின்தங்கி, மூச்சு வாங்கி, கால் மணி நேரம் கழித்து மறுபக்கம் வந்து சேர்ந்தது.

எம்87 பூமத்திய ரேகைக்கு 12.4 டிகிரி வடக்கே. ஏற்காடு 11.8. ஆகவே அது நம் உச்சிக்கு அரை டிகிரியும் கொஞ்சமும் தள்ளிக் கடக்கிறது. கிழக்கில் இருந்து வந்ததை மேற்கே அனுப்ப, டிஷ் சில நிமிடங்களில் அரை வட்டம் திரும்பியாக வேண்டும். கணக்குப் போட்டால் உச்சக்கட்ட வேகம் நிமிடத்துக்கு 23 டிகிரி. என்னிடம் 12. ஜிஎம்ஆர்டியின் 45 மீட்டர் டிஷ்கூட அதிகபட்சம் 30 டிகிரிதான் திரும்பும். நேர் உச்சியிலேயே கடந்தால் தேவைப்படும் வேகம் முடிவிலி. எந்த மோட்டாராலும் ஆகாது. பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் திரும்பும் டிஷ் எல்லாவற்றுக்கும் தலைக்கு மேலே இப்படி ஒரு குருட்டுப் பொட்டு உண்டு. முற்றத்தில் காணாமல் போன நிழல்தான் இது.

என் மருந்து சோம்பேறித்தனம். உச்சியில் இருந்து மூன்று டிகிரிக்குள் வந்தால் நேர் மேலே பார்த்துக்கொண்டு சும்மா நில் என்று எழுதிவிட்டேன். ஆறு டிகிரிப் பார்வைக்குள் விண்மீன் தானாகக் கடந்துபோகும். பெரிய டிஷ்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

நிரல் எழுதிய மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் பைத்தானில் எழுதிக்கொடுத்ததை நான் ஃபோர்த்தில் மாற்றினேன். அவனுக்கு இன்னும் கோபம். சார்லஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக்கில் இருந்த 11 மீட்டர் வானொலித் தொலைநோக்கியை ஓட்டித்தான் பேர் வாங்கியது. அதன் இலக்கணத்தில் வினை கடைசியில் வரும். மூன்றும் நான்கும் கூட்டு என்பதை அந்த வரிசையிலேயே எழுதலாம். எந்தச் சொல்லையும் நாமே கட்டளையாக வைத்துக்கொள்ளலாம். என் கணினியில் ‘45 60 திரும்பு’ என்று அடித்தால் திசை 45, உயரம் 60-க்குத் திரும்பும். ‘நில்’ என்றால் நிற்கும். ‘உறங்கு’ என்றால் நேர் மேலே பார்த்துப் படுத்துவிடும். ஆங்கிலேயனுக்குத் தலைகீழாகத் தெரியும் மொழி நமக்கு நேராக இருக்கிறது.

‘உறங்கு’ அதிகம் பயன்படுவது சித்திரை, வைகாசி கோடை இடிமழையில். ஜிஎம்ஆர்டியில் காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் டிஷ்களை மேலே பார்க்க வைத்துப் பூட்டுவார்கள். நான் காற்றை அளக்கவில்லை. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைப் பார்க்கிறேன். கூடினால் உறக்கம். இதில் ஓர் உபரிப் பலன்: குரங்கு ஏறி விளிம்பில் உட்கார்ந்தாலும் மின்னோட்டம் கூடும், டிஷ் நிமிரும், குரங்கு இறங்கும். குரங்குகள் இதைச் சறுக்கு விளையாட்டாக எடுத்துக்கொண்டுவிட்டன.

போன ஆகஸ்ட் 22. இந்த முறை தெரிந்தே காத்திருந்தேன். சூரியன் தலைக்கு நேர் மேலே வரும்போது டிஷ்ஷும் நேர் மேலே பார்த்தால், காபி டின்னின் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழ வேண்டும். டிஷ்ஷை எந்தப் பக்கம் சுழற்றினாலும் நிழல் அங்கேயே நிற்க வேண்டும். நகர்ந்தால் கம்பம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். காலையில் இருந்து மேகம். 12.15-க்கு வெயில் எட்டிப் பார்த்தது. பையன் லேப்டாப்பில் உயரம் 90 என்று அடித்துவிட்டுக் கேட்டான்:

“திசை என்ன போடட்டும், மாமா?”

“எதையாவது போடு.”

12.20-க்குச் செயினைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிஷ்ஷைக் கையாலேயே சுற்றினோம். நான் ஏணியில் நின்று நிழலைப் பார்த்தேன். மையத்தைச் சுற்றி விரற்கடை அளவு ஒரு சின்ன வட்டம் போட்டது. கம்பம் கிழக்கே ஒரு டிகிரி போல் சாய்ந்திருக்கிறது. அடித்தட்டின் கிழக்குப் பக்க நட்டுக்கு ஸ்பானரைப் போட்டு அரைச் சுற்றுத் திருப்பினேன். மறுபடி சுற்றிப் பார்ப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.